இரண்டும் இடது கால்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தம்பி சொல்லுவான். இருபத்திரண்டு வருஷமாக மரச்சாமான் தொழிற்சாலையில் மெருகு போடும் அறையில் எனக்கு வேலை. கைக்கு வரும் ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் பார்த்து, எந்தத் தச்சன் எங்கே சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறான் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் மெருகுத் துணியைத் தொடுவேன். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சைரன்'. நான் வருகிறேன் என்றாலே அவசர அவசரமாக உப்புத்தாளை எடுத்து இன்னொரு தரம் தேய்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போட்டி நாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே என் மகள் சொன்னாள்: "அம்மா, நீ வரலேன்னாலும் பரவாயில்ல."

"ஏன்டீ, பெத்தவ வரக்கூடாதா?"

"வரலாம். பேசக்கூடாது. வெளிய இருந்து யாராவது உதவி பண்ணாங்கன்னா என் பேரை அடிச்சிடுவாங்க."

"நான் என்ன பைத்தியமா?"

அவள் அடுத்த செருப்பை மாட்டினாள். அவள் அப்படித்தான், அழுத்தக்காரி. நான் பேசுகிற பேச்சுக்கெல்லாம் ஈடுகட்டுவதுபோல வாயை மூடிக்கொண்டிருப்பாள். பின்னால் நின்ற என் தம்பிதான் சொன்னான்: "கவலைப்படாத பாப்பா. மாமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன். உங்கம்மா வாயத் திறந்தா உள்ள ஒரு மிட்டாயப் போட்டுடறேன்." சொன்னபடி ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாயைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

இது கோப்பை வாங்கி அலமாரியில் வைக்கிற போட்டி இல்லை. எங்கள் தொழிற்சாலையில் தொழில் பழக வருகிறவர்களை முதலில் பெட்டிக் கொட்டகையில் போடுவார்கள். சரக்கு அனுப்புவதற்கான மரப்பெட்டி அடிக்க வேண்டும். பலகை, ஆணி, சுத்தியல், அவ்வளவுதான். கை நன்றாக இருந்தால் ஒரு வருஷத்தில் ஜன்னல் பிரிவுக்கு மாற்றுவார்கள், அங்கேதான் உண்மையான தச்சுவேலை. என் மகள் நாலு வருஷமாகப் பெட்டிதான் அடிக்கிறாள். கேட்டால் இடமில்லை என்பார்கள். இந்த வருஷம் எட்டுப் பேருக்குப் போட்டி வைத்து, முதல் இரண்டு பேருக்கு மட்டும் ஜன்னல் பிரிவு என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அவளுக்கு இது பயிற்சியின் கடைசி வருஷம். மூன்றாவதாக வந்தால்கூட ஆயுசுக்கும் பெட்டிதான்.

அவள் கையைப் பற்றி எனக்குத் தெரியும். மீந்த மரத்தை வீட்டுக்கு எடுத்துவந்து முக்காலி செய்வாள், இழுப்பறை செய்வாள், ஓர் ஆணி இருக்காது. நான் வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்ப்பேன். இங்கே மயிரிழை விட்டிருக்கு, இங்கே கோணல் என்பேன். மறுபேச்சுப் பேசாமல் பிரித்துப்போட்டு மறுபடி செய்வாள். நான் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குத் தொழில் படிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிப் பள்ளியின் பெரிய கூடத்தில் எட்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, அதற்கு இந்தப் பக்கம் எங்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். என் மகளுடைய மேஜை நாடாவுக்கு மிக அருகில், பத்தடி தூரம். மற்ற மேஜைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. தலைமை நடுவர் வழுக்கைத் தலை, காதில் பென்சில் செருகியவர். ஆளுக்கொரு ஒட்டிய உறையைக் கொடுத்தார். வரைபடம் அதற்குள்ளே. பார்க்க வந்தவர்களுக்கு அதைக் காட்ட மாட்டார்களாம். கரும்பலகையில் 'இருவர் இருக்கை, ஆறு மணி நேரம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"மரம் கெட்டுப்போனா கையத் தூக்கி ஒரே ஒரு தடவ மாத்து மரம் கேக்கலாம். பத்து மார்க் போயிடும்" என்றார் நடுவர். "வெளி ஆளுங்க பேச்சைக் கேட்டு வேலைய மாத்தினா, அந்த நிமிஷமே வெளிய."

ஒன்பது மணிக்கு மணி அடித்தது. என் மகள் உறையைப் பிரித்து வரைபடத்தை மேஜையில் விரித்தாள். பத்து நிமிஷம் எந்தக் கருவியையும் தொடவில்லை. மற்றவர்கள் அதற்குள் இழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தம்பி பக்கம் குனிந்தேன்.

"தூங்கிட்டாளாடா?"

"படிக்கிறா, அக்கா. இந்தா மிட்டாய்."

அப்புறம் இழைப்புளியை எடுத்தாள் பாருங்கள்! சுருள் சுருளாக வந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பாள், ஒரு தள்ளுத் தள்ளுவாள், மறுபடி வைத்துப் பார்ப்பாள். என் மகள்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொன்னேன். அவர் தன் மருமகன் ஆறாவது மேஜையில் இருப்பதாகச் சொன்னார். யார் கேட்டார்கள்?

பத்தரை மணி இருக்கும். அவள் உயரமான பின்னங்கால் இரண்டையும் மேஜைமேல் படுக்கப் போட்டிருந்தாள். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

தச்சுவேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருக்கையின் பின்னங்கால் உட்காரும் இடத்துக்கு மேலே பின்னால் சாய்ந்து வளைந்திருக்கும், முதுகு சாய்த்துக்கொள்ள. இரண்டு பின்னங்காலுக்கும் நடுவே நீளச்சட்டம் ஓடும். சட்டத்தின் முனை போய் உட்கார ஒவ்வொரு காலிலும் ஒரு துளை வேண்டும். இடது காலுக்குத் துளை வலப்பக்கம், வலது காலுக்கு இடப்பக்கம். இரண்டு கால்களையும் வளைவு ஒரே திசையைப் பார்க்கப் படுக்கப் போட்டால், ஒன்றில் துளை மேலே தெரியும், இன்னொன்றில் அடியில் போய்விடும். என் மகளின் மேஜையில் ஒரு காலில் மேலே துளை வெட்டி முடித்திருந்தது. இன்னொரு காலில், அதே மேல்பக்கத்தில், பென்சில் கோடு போட்டிருந்தது.

இரண்டும் இடது கால்.

இந்தத் தப்பு தச்சனைத் தவிர வேறு யாருக்கும் வராது. கவனம் கூடினாலும் வரும், குறைந்தாலும் வரும். பழந்தின்று கொட்டை போட்டவர்களெல்லாம் செய்திருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் யாராவது செய்துவிட்டால் ஒரு மாசத்துக்கு அவன் பெயர் 'இடதுகால்' தான்.

"டேய்" என்று தம்பியின் தொடையைக் கிள்ளினேன். "ரெண்டும் ஒரே பக்கம்டா."

"என்ன ஒரே பக்கம்?" அவன் லாரி ஓட்டுகிறவன், அவனுக்கு என்ன தெரியும்?

காதில் கிசுகிசுத்தேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "அவளே பாத்துக்குவா, அக்கா. நீ பேசாத. தயவு செஞ்சு பேசாத."

பார்த்துக்கொள்வாள், பார்த்துக்கொள்வாள் என்று நானும் சொல்லிக்கொண்டேன். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் இரண்டு காலையும் நிறுத்திப் பார்ப்பாள். கோட்டை அழித்துவிட்டு மறுபக்கம் போடுவாள். இன்னும் வெட்டவில்லையே, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வாயில் ஒரே நேரத்தில் நாலு மிட்டாய். பல் கூசியது. அவள் குனிந்து வரைபடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து காலைப் பார்த்தாள். மூலைமட்டத்தை வைத்தாள். ஆகா, கண்டுபிடித்துவிட்டாள் என்று என் உயிர் திரும்பி வந்தது. அவளோ தலையை ஆட்டிக்கொண்டு உளியை எடுத்து அந்தக் கோட்டின்மேலேயே வைத்தாள். வலது கையில் கொட்டாப்புளி, அந்த மரச் சுத்தியல், மேலே போனது.

நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியாது.

"பாப்பா, நிறுத்து! ரெண்டும் எடது கால்டீ!"

கூடத்தில் எட்டு மேஜையிலும் கை நின்றது. என் தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயசில் பாதித் தெருவில் என் பிடி நழுவி அவள் கை விட்டுப்போனபோது பார்த்தாளே, அந்தப் பார்வை. அதற்குள் வாசல்காரர் வந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "வெளிய வாங்கம்மா. வாங்க. இப்பவே."

கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், நான். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. பார்த்தேன். நடுவரின் முதுகு மறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வெளியே வந்தான். மிட்டாய்ப் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"அடிச்சிட்டாங்களா? பேரை அடிச்சிட்டாங்களா? சொல்லித் தொலைடா!"

"அடிக்கல. நடுவருங்க மூணு பேரும் கூடிப் பேசினாங்க. அப்புறம் பென்சில்காரர் சொன்னாரு: 'உங்கம்மா சொன்னது சரியா தப்பான்னு நான் சொல்ல முடியாது. ஆனா இனிமே நீ கால் கோட்டை மாத்தினாலோ, கால் மரத்த மாத்தினாலோ, அவங்க பேச்சைக் கேட்டுத்தான் மாத்தினேன்னு அர்த்தம். வெளிய போக வேண்டியதுதான். இருக்கறபடியே செய்யறதுன்னா செய்.' அவ்வளவுதான். இதுலயே பதினோரு நிமிஷம் போச்சு. அதத் திருப்பித் தர மாட்டாங்களாம்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். யோசித்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், சட்டத்தைப் பொருத்திப் பார்க்கும்போது அவளே கண்டுபிடித்திருப்பாள். கையைத் தூக்கி மாற்று மரம் கேட்டிருப்பாள். பத்து மார்க் போனாலும் மீதி இருந்திருக்கும். இப்போது தப்பு என்று தெரிந்தே அந்தத் தப்பைச் செய்துமுடிக்க வேண்டும். கதவை நானே சாத்தி, ஆணியும் நானே அடித்துவிட்டேன். நாலு வருஷப் பெட்டி போதாதென்று பெற்றவள் அவளை ஆயுசுக்கும் அங்கேயே அனுப்பிவிட்டேன்.

டக், டக், டக் என்று கேட்டது. கொட்டாப்புளிச் சத்தம் எல்லா மேஜையிலிருந்தும்தான் வந்தது, ஆனால் அவளுடையது எனக்குத் தனியாகத் தெரியும். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி. எழுந்து கண்ணாடியில் பார்த்தேன். இரண்டாவது காலில், அதே மேல்பக்கத்தில், துளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தலையேடா. வெட்டுறாளே!"

"வேற என்ன பண்ணச் சொல்ற? வழியில்லல்ல?"

ஒவ்வோர் அடியும் என் நெஞ்சில் விழுந்தது. இதில் ஒன்றும் மிகையில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது பென்சில்காரர் தாழ்வாரத்துக்குக் கை கழுவ வந்தார். நான் போய்க் குழாயை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, தப்பு என்னோடது. என்ன வேணா பண்ணுங்க. தொழிற்சாலைல சொல்லி என் வேலைய வேணா எடுங்க. அவளுக்கு மட்டும் ஒரு மரம் குடுத்துடுங்க ஐயா. புள்ள தெரிஞ்சே தப்பா செஞ்சுட்டிருக்கா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சிரிப்பா எரிச்சலா என்று தெரியாத முகம். "அம்மா, நீங்க எத்தன வருஷமா மர வேலைல இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

"இன்னும் ரெண்டு மணி நேரம் பேசாம இருங்க. நான் ஏதாவது சொன்னா அது நான் பண்ற உதவி ஆயிடும். கொஞ்சம் நகருங்க, கை கழுவணும்."

நகர்ந்தேன். இரண்டு மணி நேரம். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் வாய் பேசாமல் இருந்தது பிரசவ வலியிலும் கிடையாது. தம்பி ரொட்டி வாங்கிவந்தான், பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. கண்ணாடியில் என் மூச்சுப் பட்டுப் பட்டு மங்கியது, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அவள் ஒரு தரம்கூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. முதுகுச் சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

இரண்டே முக்கால் மணிக்கு எல்லாவற்றையும் பொருத்தி நிறுத்தினாள். நான் பயந்தபடியே ஆயிற்று. உயரமான ஒரு கால் இந்தப் பக்கம் பின்னால் இருந்தது, இன்னொன்று அந்தப் பக்கம் முன்னால் இருந்தது. பாதி இருக்கைக்கு முதுகு இங்கே, மீதிப் பாதிக்கு முதுகு எதிர்ப்பக்கம். நடுவே ஒரு பலகை. ஊரே கூடிச் சிரிக்கப்போகிறது என்று முகத்தை மூடிக்கொண்டேன்.

"அக்கா."

"பேசாதடா. என்னால பாக்க முடியாது."

"அக்கா, அந்தப் பின்னாடி மேஜையப் பாரு."

"எந்த மேஜையா இருந்தா எனக்கென்ன?"

"சொல்றதக் கேளேன்! எல்லா மேஜையும் பாரு!"

கையை எடுத்தேன். ஆறாவது மேஜையில் அந்த மருமகன் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஓர் இருக்கை. பாதிக்கு முதுகு இந்தப் பக்கம், பாதிக்கு முதுகு அந்தப் பக்கம். மூன்றாவது மேஜையிலும் அப்படியே. எட்டாவதிலும் அப்படியே. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் வாசலையும் ஒருவர் சுவரையும் பார்க்கிற இருக்கை. திரும்பினால் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளலாம். வரைபடமே அப்படித்தான். அந்த இருக்கைக்குப் பின்னங்கால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். இரண்டும் இடது கால்தான்.

காலையிலிருந்து ஒரு தரம் பின்னால் இருந்த மேஜையை எட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. என் மகள் தப்பு செய்வாள் என்று மட்டும் உடனே தோன்றிவிட்டது.

மூன்று மணிக்கு மணி அடித்தது. அவளுக்குக் கைப்பிடியின் ஓரத்துக்கு உப்புத்தாள் போட நேரம் போதவில்லை, சொரசொரவென்று அப்படியே விட்டிருந்தாள். அந்தப் பதினோரு நிமிஷம். நடுவர்கள் மேஜை மேஜையாகப் போய்க் கவிழ்த்துப் பார்த்தார்கள், மெல்லிய தகட்டை இணைப்புகளில் நுழைத்துப் பார்த்தார்கள். என் மகளுடைய இருக்கையில் தகடு எங்கேயும் நுழையவில்லை. எங்களை உள்ளே விட்டார்கள். நான் கடைசி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதலாவது, எட்டாவது மேஜை. கை தட்டினார்கள். பென்சில்காரர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "ரெண்டாவது, ஒண்ணாம் மேஜை. மூணாவது ஆளுக்கும் இவங்களுக்கும் ரெண்டு மார்க்தான் வித்தியாசம்."

ஒண்ணாம் மேஜை என் மகள். தம்பி விசில் அடித்தான். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாக அழுதேன். ஜன்னல் பிரிவு! என் வாயையும் மீறி ஜெயித்துவிட்டாளே என்று பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பாவம், அவர் மருமகன்தான் மூன்றாவது.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் கருவிகளைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன மன்னிச்சிடுடீ. நான் கத்தினப்பவும் நீ கலங்கலையே. சரின்னு தெரிஞ்சுதானே தைரியமா வெட்டின? கெட்டிக்காரி."

அவள் உளியைத் துணியில் சுற்றினாள். "கலங்கலேன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"வரைபடத்த மூணு தடவ பாத்துட்டுதான்மா கோடு போட்டேன். சரியாத்தான் இருந்துச்சு, எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நீ கத்தின ஒடனே கையத் தூக்கிட்டேன். அதுக்குள்ள ஒரு அடி விழுந்துடுச்சு, அதான் மாத்து மரம் கேக்க."

நான் மேஜைமேல் இருந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நடுவர் வந்து, 'நீ எதுக்குக் கை தூக்கினேன்னு நான் கேக்க மாட்டேன், கீழ இறக்கு'ன்னாரு. அப்புறம்தான் மாத்தக்கூடாதுன்னு சொன்னாரு. அதனாலதான் மாத்தல. அந்த ரூல் மட்டும் இல்லேன்னா நீ சொன்ன மாதிரி மறுபக்கம் வெட்டியிருப்பேன். சட்டம் ஒண்ணும் பொருந்தியிருக்காது. நாளைக்குப் பெட்டி அடிக்கப் போயிருப்பேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். கூடத்தைப் பெருக்குகிறவர் மரச்சுருள்களை ஒரு மூலையில் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவ நான் கத்தினா காதப் பொத்திக்கோ" என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன்.

"நீ கத்தவே வேணாம்மா" என்றாள். "நேத்து வீட்டுல தனியா துளை வெட்டினப்பகூட எனக்கு உன் சத்தம்தான் கேட்டுச்சு."

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. உதவ என் கை நீண்டது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, பின்னால் தள்ளி, மெதுவாக மூடினாள்.